வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

தார் முடிகிற இடத்துக்கும்
மண் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில்
ஒரு சாண் பள்ளம்.
அந்த விளிம்பில்தான்
ஏழு வருஷமாக வேலைக்குப் போகிறேன்.
ரெட்டிச்சாவடியில் மிதிக்கத் தொடங்கினால்
கிருமாம்பாக்கம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.

பஸ்ஸில் போகலாம்தான்.
எங்கள் ஊரில் நிற்கிற பஸ்ஸாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நிற்காததில் ஒன்று ஸ்ரீ வேம்படியான்.
கடலூருக்கும் பாண்டிக்கும் நாளைக்கு எட்டு நடை.
அதை நான் முகம் பார்த்து அறிந்ததில்லை,
முதுகால் அறிவேன்.
முதலில் ஐந்து குரலில் அலறும் ஹாரன்,
பிறகு காற்று,
அப்புறம்தான் பஸ்.
முந்தானை அதோடு போகப் பார்க்கும்
ஹேண்டில்பார் பள்ளத்துக்குப் போகப் பார்க்கும்
நடுவில் நான்.

ஒருநாள் படிக்கட்டுக் கம்பி
டிபன் பையைக் கிழித்துக்கொண்டு போயிற்று.
தயிர்சாதம் தார் மேலே.
தொங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பஸ் பார்க்கவில்லை.
அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.
முள்ளோடையில் சுற்றிவரச் சோம்பி
எதிர்ப்பக்கமாகவே வந்திருக்கிறேன்.
கை காட்டாமல் திரும்பியிருக்கிறேன்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு.
பின்மட்கார்டுச் சிவப்பு வில்லை
உடைந்து இரண்டு வருஷம்.

ஐப்பசி. இரவு பத்தேகால். மழை.
கன்னியக்கோயில் தாண்டி
ஓரமாக நின்றிருந்தது ஸ்ரீ வேம்படியான்.
பெல்ட் அறுந்துவிட்டதாம்.
சனங்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றியாயிற்று.
மெக்கானிக் போனை எடுக்கவில்லை.
"சைக்கிள் கொஞ்சம் தருவியாம்மா,
முள்ளோடை வரைக்கும்?"
அந்தக் குரலுக்கும்
அந்த ஹாரனுக்கும் சம்பந்தமே இல்லை.

மாட்டேன் என்று சொல்ல
வாய் வரைக்கும் வந்தது. தயிர்சாதம் ஞாபகம்.
கொடுத்தேன்.

நனையாதே, உள்ளே வா என்றார் கண்டக்டர்.
காலியாகத்தானே இருக்கிறது என்று
டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.
ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில்
ஊர் ஊராக நிமிஷம் எழுதியிருந்தது.
கீழே சிவப்பு மையில்:
தாமதம், நிமிஷத்துக்கு ஐம்பது ரூபாய்.
பிள்ளையார் படத்துக்குப் பின்னால்
வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை,
பாதி தீர்ந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.
லேடீஸ் சைக்கிளில் முட்டி இடிக்க
தள்ளாடிப் போனார்.
பத்தடி.
அவ்வளவுதான், அப்புறம் ஆளும் இல்லை
என் சைக்கிளும் இல்லை.
வைப்பர் ஒருமுறை துடைத்தது, மழை மட்டும் இருந்தது.
என் பின்பக்கத்தை
முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.
இல்லை, பார்க்கவில்லை.

முக்கால் மணி கழித்து வந்தார்,
தோளில் பெல்ட், முழங்கால் வரை சேறு,
ஒரு செருப்பு.
"என்ன பக்கிரியண்ணே இது?" என்றார் கண்டக்டர்.
"லாரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.
ஹேண்டில்பாரை என்னிடம் தந்தபோது
கை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.
"நீங்க போனது தெரியவே இல்லை" என்றேன்.
அவர் மட்கார்டைக் குனிந்து பார்த்தார்.
நான் படிக்கட்டுக் கம்பியைப் பார்த்தேன்.
"பேர் என்னம்மா?"
"அஞ்சலாட்சி."

பதினைந்து ரூபாய்தான் ஒரு வில்லை.
இரண்டாக வாங்கிப் போட்டேன்.

மறுநாளும் ஹாரன் அடித்தார்.
அடிக்காமல் எப்படி?
ஆனால் தூரத்திலேயே,
தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டுவது போல
ஒரே ஒரு தரம்.
திரும்பிப் பார்க்காமல்
வலது கையைக் கொஞ்சம் தூக்கினேன்.
வெள்ளைக் கோட்டை விட்டு விலகி
ஒரு ஆள் படுக்கிற அகலம் இடம் விட்டுப் போனது பஸ்.
முந்தானை அசைந்ததோடு சரி.

பள்ளம் அப்படியே இருக்கிறது.
லாரிகளும்.
செவ்வாய்க்கிழமை பக்கிரிசாமிக்கு ஓய்வு,
வேறு ஆள் ஓட்டுகிறார்.
அன்றைக்கு மட்டும்
முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்கிறேன்.